பி.ரி. சேரிடம் கேட்பவை: பாடசாலை விளையாட்டில் உடம்பைத் தாண்டிய தொல்லைகள்

திருகோணமலையில் உடற்கல்வி ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் எனக்கு இருபத்திரண்டு வருடம் போய்விட்டது. உதைபந்தாட்டமும் மெய்வல்லுநரும் (ஓட்டம், பாய்தல், எறிதல்) என் பக்கம். புதிதாக நியமனம் பெற்று வரும் ஆசிரியர்கள், படித்த பள்ளிக்கே வந்து பயிற்சி கொடுக்கும் தம்பிமார், பெற்றோர், சில வேளை அதிபர்மார் கூட என்னிடம் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எத்தனை சுற்று ஓட விடுவது, தொடை பிடித்தால் என்ன செய்வது என்ற கேள்விகள் இதில் இல்லை. அவற்றுக்குப் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பயிற்றுநருக்கு உண்மையில் எது பெரிய கஷ்டம்?

பிள்ளையை மறுநாளும் மைதானத்துக்கு வரவைப்பது.

என்னிடம் ஒரு சி.ஆர். கொப்பி, தடித்த மட்டை போட்ட பதிவுக் கொப்பி, எப்போதும் இருக்கும். பயிற்சிக்கு வராதவரின் பெயருக்கு நேரே காரணத்தையும் எழுதுவேன். "ரியூசன்." "அம்மம்மா வீடு." "காய்ச்சல்." "அப்பா வேண்டாம் என்றார்." "சொல்லவில்லை." பழைய கொப்பிகளைப் புரட்டினால் கால் சுளுக்கு, முழங்கால் நோ என்று எழுதிய இடங்கள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் வீடு, காசு, வெட்கம், பயம், கோபம்.

ஒருமுறை இடது பக்கம் ஓடும் பையன் ஒருவன் மூன்று நாள் வரவில்லை. காரணம் "சொல்லவில்லை". நான்காம் நாள் உப்புவெளிப் பக்கம் அவன் வீட்டுக்குப் போனேன். அம்மா குவைத்தில். அவர் அனுப்பும் காசு மாமாவின் கணக்குக்கு வருகிறது. நான் முந்தின வாரம் எல்லோருக்கும் முன்னால், "ஜேர்சிக்காசு வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்" என்று சொல்லியிருந்தேன். மாமாவிடம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. கேட்பதைவிட விளையாட்டை விடுவது அவனுக்கு லேசாக இருந்திருக்கிறது. மாமா நல்ல மனிதர்தான், கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். ஆனால் பதினைந்து வயதில் ஒருவனுக்கு அது எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு ஜேர்சி பள்ளிக்கூடத்தின் சொத்து என்று ஆக்கிவிட்டோம். மட்ச் முடிந்ததும் கழற்றி ஒரு சாக்கில் போடவேண்டும். கழுவுவது முறை வைத்து. மைதானத்தில் நின்று காசுப் பேச்சு பேசுவதில்லை.

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) வருடம் வந்தால் பெற்றோர் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். என்ன செய்வது?

இது எல்லோரும் கேட்பது. முதலில், பெற்றோரை எதிரிகளாக நினைக்கவேண்டாம். "சேர், குறை நினைக்காதீங்கோ. இவன் இனி வரமாட்டான். ஓ.எல். வருதெல்லோ" என்று ஓர் அம்மா வந்து நிற்கிறார் என்றால், அவர் அந்த வசனத்தை வீட்டில் நாலு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருப்பார். அவருக்கும் அது சந்தோஷமான காரியம் அல்ல.

நான் மைதானத்தில் வைத்து வாதாடுவதில்லை. "சரி அம்மா, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாறன்" என்று அனுப்பிவிடுவேன். போகும்போது ஒரு வெற்றுத் தாளும் கொண்டுபோவேன். பிள்ளையின் ரியூசன் நேரங்களை அந்தத் தாளில் எழுதச் சொல்வேன். எழுதி முடித்ததும் பல வீடுகளில் ஓர் அமைதி வரும், ஏனென்றால் கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் பிள்ளை வகுப்பில் இருக்கிறது என்று அப்போதுதான் அவர்களே பார்க்கிறார்கள். பிறகு பேசுவது சுலபம். ஐந்து நாள் பயிற்சியை இரண்டு நாளாக்குவோம். ஐந்தே முக்காலுக்கு வகுப்பு என்றால் ஐந்தே காலுக்கு விடுவேன். அந்த ஐந்தே கால் என்பது ஐந்தே கால்தான். ஐந்தரைக்கு விட்டால் நீங்கள் சொன்ன மற்ற எல்லாமே பொய் என்று அந்த வீடு முடிவு செய்துவிடும். நியாயமான முடிவு.

விளையாடினால் படிப்புக் கெடும் என்று சொல்பவர்களுக்கு நான் நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தின் கதையைச் சொல்வதுண்டு. யாழ்ப்பாணத்துப் பிள்ளை. 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் உயரம் பாய்தலில் தங்கம் எடுத்தவர். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. பிறகு அமெரிக்காவில் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று விவசாய விஞ்ஞானியானார். ஆனால் இந்தக் கதையை ஒரு வீட்டில் ஒரு தடவைக்கு மேல் சொல்லாதீர்கள். "எல்லாரும் எதிர்வீரசிங்கம் ஆவினமோ சேர்?" என்று ஒரு தகப்பன் என்னிடம் திருப்பிக் கேட்டார். பதில் இல்லை.

இன்னொன்று. சில பிள்ளைகள் உண்மையாகவே ஒரு வருடம் நிற்கத்தான் வேண்டும். கணிதத்தில் தடுமாறுகிற பிள்ளையை மாகாணப் போட்டிக்காகப் பிடித்து வைப்பது எங்கள் சுயநலம். அப்படி நிற்கிற பிள்ளையிடம், "பரீட்சை முடிந்த அடுத்த திங்கள் மூன்றரைக்கு வா" என்று நாளையும் நேரத்தையும் சொல்லி அனுப்புங்கள். பொதுவாக "பிறகு வா" என்றால் வராது. பரீட்சைக் காலமும் இப்போதெல்லாம் நகர்ந்துகொண்டே இருப்பதால் திகதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.

விளையாட்டால் பல்கலைக்கழகம் போகலாமா, வேலை கிடைக்குமா?

தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் விசேட ஏற்பாடு ஒன்று இருக்கிறது. இடங்கள் மிகக் குறைவு. உயர்தரத்தில் அடிப்படைத் தகைமை கட்டாயம் வேண்டும், அதாவது படிக்காமல் போக வழியில்லை. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி, விளையாட்டு விஞ்ஞானம் படிக்கலாம்.

நானும் ஒரு காலத்தில் "கடற்படையில் எடுப்பான், பொலிசில் எடுப்பான், வங்கி அணிக்குக் கூப்பிடுவான்" என்று அவிழ்த்து விட்டவன்தான். சிலருக்கு நடந்தது. நடக்காதவர்கள் இன்றைக்கும் சந்தையில் என்னைக் கண்டால் சிரித்துவிட்டுப் போகிறார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. இப்போது நான் எதையும் வாக்களிப்பதில்லை.

அணியிலிருந்து ஒருவரை நீக்கும்போது எப்படிச் சொல்வது?

என் பிழையைச் சொல்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் 16 வயதுக்குட்பட்ட அணியின் பெயர்ப்பட்டியலை அறிவித்தல் பலகையில் குத்திவிட்டு, மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். முகத்தைப் பார்க்க வேண்டி வராது என்றுதான் வெள்ளிக்கிழமை. வெளிப்படையாக ஒத்துக்கொள்ள எனக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது.

நாலு மாதம் ஒருநாள் தவறாமல் வந்த ஒரு பையன் அந்தப் பட்டியலில் இல்லை. தன் தம்பியோடு வந்து பார்த்திருக்கிறான். தம்பிதான் வாசித்து, "அண்ணா, உன்ர பேர் இல்லை" என்று சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை அவன் மைதானத்துக்கு வந்தான், பூட்ஸ் இல்லாமல், காலில் பாட்டா. எனக்கு வணக்கம் சொன்னான். பிறகு கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று, வெளியே போன பந்துகளை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஏச்சு வாங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

இப்போது பட்டியல் ஒட்டுவதற்கு முதல் நாள், இல்லாதவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசுவேன். ஐந்து நிமிடம் போதும். காரணம் ஒன்றே ஒன்று, அவன் திருத்தக் கூடியதாக இருக்கவேண்டும். "உனக்கு இன்னும் பக்குவம் போதாது" என்பது காரணம் அல்ல. "வலது காலால் மட்டும் உதைக்கிறாய், இடது பக்கம் பந்து வந்தால் நின்றுவிடுகிறாய்" என்பது காரணம். அவன் அழுதால் அழட்டும், நடுவில் புகுந்து ஆறுதல் சொல்லவேண்டாம். "அடுத்த வருடம் கட்டாயம் எடுப்பன்" என்று மட்டும் வாயிலிருந்து வரக்கூடாது, உண்மையாகவே எடுக்கப் போவதாக இருந்தாலொழிய.

ப.மா.ச.வில் காசு தருபவர் தன் மருமகனைச் சேர்க்கச் சொல்கிறார். அதிபரும் தலையாட்டுகிறார்.

பழைய மாணவர் சங்கங்கள் இல்லாவிட்டால் எங்கள் ஊர்ப் பள்ளிகளில் பந்தே இருக்காது. கனடாவிலும் லண்டனிலும் பனியில் நின்று உழைத்த காசு. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சிக்குப் பிறகு பணிசும் பிளேன்ரீயும் கொடுத்தது அந்தக் காசுதான். அதனால் நன்றி கெட்டுப் பேச முடியாது.

ஆனால் காசு கொடுத்தவர் அணியைத் தெரிவு செய்ய முடியாது. இதைச் சண்டையில்லாமல் சொல்ல எனக்குக் கிடைத்த ஒரே வழி, தெரிவு விதியைக் காசு வருவதற்கு முன்பே எழுதி வைப்பது. வருட ஆரம்பத்தில் ஒரு பக்கத்தில்: எத்தனை நாள் வரவு, யார் யார் தெரிவாளர்கள் (மூன்று பேர், ஒருவர் வெளியார்), எப்போது தெரிவு. அதிபரின் கையெழுத்து. மருமகன் பேச்சு வரும்போது அந்தத் தாளை எடுத்து நீட்டினால், "நான்" மறுக்கிற மாதிரி இருக்காது. அதிபருக்கும் தப்ப ஒரு வழி கிடைக்கும். அவருக்கு அது தேவை என்பதை மறக்கவேண்டாம், அவர் தினமும் அந்த மனிதரின் முகத்தில் விழிக்கவேண்டியவர்.

ஒருமுறை தாள் இருந்தும் நான் வளைந்து கொடுத்தேன். எந்த வருடம், எந்தப் பள்ளி என்று சொல்லப் போவதில்லை. அந்தப் பிள்ளை முதல் மட்சிலேயே, "சேர், என்னை வெளியில எடுங்கோ, இவங்கள் எனக்குப் பந்து தராங்கள் இல்லை" என்று அழுதுகொண்டு வந்தான். மாமாவுக்காகத் தண்டனை அனுபவித்தது அவன்.

கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் பெற்றோரை எப்படி அடக்குவது?

எங்கள் ஊரில் பெற்றோர் மட்டும் அல்ல, மதிலில் சாய்ந்து நிற்கும் பெரியவர்களும் கத்துவார்கள். துறைமுகத்தில் ஆங்கிலேயக் கடற்படை 1957 வரை இருந்த ஊர். அவர்களோடு மோதி விளையாடியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே நிற்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு கோச். அவர்கள் கத்தட்டும், அது ஊர்ச் சத்தம்.

தகப்பனின் சத்தம் வேறு. மற்ற எல்லாச் சத்தத்துக்குள்ளும் பிள்ளையின் காது அதைத்தான் பிடிக்கும். பந்து வருவதற்கு முன் பிள்ளை ஒரு கணம் திரும்பி அப்பாவைப் பார்க்கிறது என்றால் விஷயம் முற்றிவிட்டது. அப்படியான தகப்பனுக்கு நான் ஒரு வேலை கொடுப்பேன்: எதிர்ப் பக்கக் கோட்டில் நின்று எங்கள் அணி எத்தனை முறை பந்தை இழக்கிறது என்று எழுதுங்கள். எழுதுகிறவருக்குக் கத்த நேரமில்லை. முடிவில் அந்தக் கணக்கு எனக்கும் உதவுகிறது. இரண்டு பேருக்கு இது வேலை செய்தது. மூன்றாமவர் கொப்பியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தினார், அவரைக் கேற்றுக்கு வெளியே அனுப்பவேண்டி வந்தது.

பெண் பிள்ளைகளைப் பயிற்சிக்கு எடுக்க வீடுகள் சம்மதிப்பதில்லை.

சம்மதிக்காததற்கு எது காரணம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். "பொம்பிளைப் பிள்ளை" என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து விஷயம் ஒளிந்திருக்கும். இருட்டிய பிறகு தனியே வருவது. உடை. மைதானத்தில் கழிப்பறை இல்லாதது. வெயிலில் கறுப்பது, சிரிக்கவேண்டாம், இதைத் தாய்மார் முகத்துக்கு நேரே சொல்வார்கள். மாதவிடாய் நாட்களில் ஆண் பயிற்றுநரிடம் எப்படிச் சொல்வது என்பது. ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பதில்.

கழிப்பறைக்கு நான் பேச்சால் ஒன்றும் செய்ய முடியாது, கதவுக்குக் கொண்டி போட்டுத்தான் ஆகவேண்டும். மாதவிடாய்க்கு, பெண் ஆசிரியை ஒருவர் பொறுப்பாக நிற்கவேண்டும். பிள்ளை காரணம் சொல்லாமலே "இன்றைக்கு மெதுவாக" என்று அவரிடம் சொன்னால் போதும், நான் கேட்கமாட்டேன் என்பது எங்கள் ஒப்பந்தம். உடைக்கு, நீளக் காற்சட்டையும் கை மூடிய மேற்சட்டையும் எங்கள் அணிக்கு வழமையாகிவிட்டது. தலையை மூடி விளையாட உதைபந்தாட்ட விதிகள் 2014இலிருந்தும் கூடைப்பந்தாட்ட விதிகள் 2017இலிருந்தும் இடம் கொடுக்கின்றன. இதைத் தெரியாமல் ஒரு நடுவர் எங்கள் பிள்ளையை வெளியே நிற்கச் சொன்ன சம்பவம் நடந்தது. விதியின் பிரதி ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.

தர்ஜினி சிவலிங்கத்தின் படம் ஒன்று எங்கள் அறையில் ஒட்டியிருக்கிறது. 2018இல் சிங்கப்பூரில் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணியில் இருந்தவர், ஆறடி பத்தங்குலம். உயரத்துக்கு வெட்கப்பட்டுக் கூனி நடக்கும் பிள்ளைகள் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். நான் ஒன்றும் சொல்வதில்லை.

தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் ஒரே மாவட்ட அணியில். சிக்கல் வராதா?

பிள்ளைகளுக்குள் நீங்கள் நினைக்கும் அளவு வருவதில்லை. மாவட்டத்தில் ஐந்து கல்வி வலயங்கள்: திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளோடு ஒரு சிநேகபூர்வ மட்ச் விளையாடுவதென்றால் பாதைக்கு (ஆளையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை) காத்து நின்றே பாதி நாள் போகும். இப்போது பின்னேரம் போய் விளையாடி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வரலாம். சேர்ந்து விளையாடும் தடவை கூடினால் பேர் சொல்லிக் கூப்பிடப் பழகிவிடுவார்கள். சிக்கல் வருவது பெரும்பாலும் பெரியவர்கள் பக்கமிருந்து, "எங்கட ஆக்கள் எத்தனை பேர்?" என்ற எண்ணிக்கையாக.

நோன்பு மாதத்தில் பயிற்சியை மாற்றுங்கள். நோன்பு பிடிக்கும் பிள்ளையிடம் "கொஞ்சம் விட்டுப் பிடிக்கலாமே" என்று சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. அந்த மாதம் நாங்கள் ஓட்டத்தைக் குறைத்து, பந்தோடு நிற்கிற இடத்திலேயே செய்யும் வேலைகளையும் விதி வகுப்புகளையும் வைப்போம். நோன்பு இல்லாத பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலை மதிலுக்கு அந்தப் பக்கம் போய்த் திறப்பார்கள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவர்களாகத் தொடங்கியது.

மொழிதான் உண்மையான சிக்கல், அதுவும் கொழும்பில். சுகததாச மைதானத்தில் ஒருமுறை எங்கள் பெண்கள் அஞ்சலோட்ட அணி கோல் மாற்றியதில் பிழை என்று நீக்கப்பட்டது. மெய்வல்லுநர் விதிப்படி, முடிவு அறிவித்து 30 நிமிடத்துக்குள் முறைப்பாடு கொடுக்கவேண்டும். அறிவித்தல் எனக்கு விளங்கியபோது பத்து நிமிடம் போயிருந்தது. கடிதத்தைச் சிங்களத்தில் எழுத ஆள் தேடினேன். கந்தளாயிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர் தன் பிள்ளையின் நிகழ்ச்சியை விட்டுவிட்டு வந்து எழுதித் தந்தார். மேசைக்குப் போனபோது நேரம் கடந்துவிட்டது. பிள்ளைகள் நாலு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோலை ஒழுங்காக மாற்றினார்களா என்பது எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. கேட்கவேண்டிய நேரத்தில் கேட்கத் தெரியாமல் நின்றேன் என்பது நிச்சயம். அடுத்த வருடம் நாற்பத்திரண்டு வயதில் சிங்கள வகுப்புக்குப் போனேன், மகளின் வயதுப் பிள்ளைகளோடு வாங்கில் இருந்து.

வயதைக் குறைத்துக் காட்டுவது, வேறு பள்ளி வீரரை இழுப்பது பற்றி?

செய்யாதீர்கள். பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைப் பள்ளிப் பதிவோடு நீங்களே ஒப்பிடுங்கள், பெற்றோர் கொண்டுவந்த போட்டோப் பிரதியை நம்பி இருக்கவேண்டாம். பிடிபட்டால் முழு அணியும் போகும், அந்தப் பிள்ளையின் பெயர் ஊரில் பல வருடம் நாறும். இழுத்து வந்த வீரருக்கு இடம் கொடுக்க யாரை வெளியே விட்டீர்களோ, அவனுடைய கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும்.

ஏசாமல், அடிக்காமல் ஒழுங்கு வருமா? நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தானே வளர்ந்தோம்?

நானும் வாங்கினேன். விக்கெட் பொல்லால். அதனால்தான் நன்றாக ஓடினேன் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த சேரைக் கண்டு ஒளிந்த நாட்களில் தவறவிட்ட பயிற்சிகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கல்வி அமைச்சின் 12/2016 இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது, மைதானமும் பாடசாலைதான். "பத்து ரவுண்ட் ஓடு" என்று தண்டனையாக ஓட விடுவதையும் நான் நிறுத்திவிட்டேன். ஓட்டத்தைத் தண்டனையாக்கினால் ஓட்டப் பயிற்சியை எப்படி ஆசையோடு செய்வார்கள்? பிந்தி வந்தால் அன்றைக்குக் கடைசி விளையாட்டில் பத்து நிமிடம் வெளியே உட்காரவேண்டும். அதுதான் அவர்களுக்கு நோகும் இடம்.

ஏச்சைப் பற்றி: அடி நின்ற இடத்தில் நாக்கு வந்து குந்திக்கொள்ளும். "கட்டையன்", "கறுவல்", தகப்பனின் தொழிலைச் சொல்லிக் கூப்பிடுவது, இவை சிரிப்போடு சொன்னாலும் ஏச்சுத்தான். என் வாயிலும் வந்திருக்கிறது.

ஒரு பிள்ளை மனதளவில் உடைந்துபோயிருக்கிறது என்று எப்படி அறிவது? நான் வைத்தியர் இல்லையே?

வைத்தியர் ஆகவேண்டாம், கவனித்தால் போதும். வழக்கமாகப் பகிடி விடும் பிள்ளை பேசாமல் இருப்பது. தோற்றாலும் வென்றாலும் ஒரே முகம். பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகும் பையை அடுக்கிக்கொண்டே இருப்பது. இந்தக் கடைசியைக் கண்டால் நான் பந்துகளை எண்ணுகிற சாட்டில் பக்கத்தில் இருந்துவிடுவேன். பாதி நாள் ஒன்றும் பேசமாட்டார்கள். ஒருநாள் வாய் திறக்கும்: "சேர், வீட்டை போக விருப்பமில்லை."

எங்கள் மாவட்டத்தில் யுத்தம், 2004 சுனாமி, இரண்டையும் கடந்த வீடுகள் நிறைய. இப்போதைய பிள்ளைகள் அவற்றைப் பார்க்காதவர்கள், ஆனால் பார்த்தவர்களால் வளர்க்கப்படுகிறவர்கள். கடற்கரையில் ஓட்டப் பயிற்சி வைத்தால் ஒரு அம்மம்மா மட்டும் ஏன் ஒவ்வொரு நாளும் வந்து தூரத்தில் நிற்கிறார் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை.

கேட்டதை நீங்கள் தனியே சுமக்கக்கூடாது. பள்ளியின் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் போங்கள். மனநல உதவிக்கு 1926, சிறுவருக்கு யாரும் தீங்கு செய்கிறார்கள் என்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று பிள்ளைக்குச் சத்தியம் செய்யாதீர்கள். "உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்வேன், முதலில் உனக்குச் சொல்லிவிட்டு" என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு.

இதே நேரத்தில் உங்களையும் பாருங்கள். பூட்டிய அறையில் தனியே ஒரு பிள்ளையோடு இருக்கவேண்டாம். வாட்ஸ்அப்பில் தனியே செய்தி அனுப்பவேண்டாம், பெற்றோரும் இன்னோர் ஆசிரியரும் உள்ள குழுவில் போடுங்கள். வெளியூர்ப் போட்டிக்குப் பெண் பிள்ளைகள் போனால் பெண் ஆசிரியை இல்லாமல் பஸ் புறப்படக்கூடாது.

ஜிம்மில் பவுடர், மாத்திரை கொடுக்கிறார்களாமே?

கொடுக்கிறார்கள். 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை ஊக்கமருந்து எதிர்ப்பு முகவர் நிலையம் இயங்குகிறது. "எனக்குத் தெரியாது, அண்ணா தந்தார்" என்பது சோதனையில் சாக்காகாது, உடம்புக்குள் இருப்பதற்கு வீரரே பொறுப்பு. சில தடிமன் மருந்துகளில் கூடத் தடை செய்த பொருள் இருக்கும். நான் என் பையில் மாத்திரையே வைப்பதில்லை, தலையிடிக்கும் கொடுப்பதில்லை.

தோற்றுத் திரும்பும்போது என்ன பேசவேண்டும்?

ஒன்றும் வேண்டாம். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வரும்போது முதல் சில மணித்தியாலம் நான் வேறு பெட்டியில் போய் நிற்பேன். மாகோ தாண்டும்போது சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கிற சத்தம் கேட்கும், யாரோ ஒருவன் மற்றவனின் பொரித்த முட்டையைத் தட்டிப் பறிப்பான். அதற்குப் பிறகு போய் உட்காரலாம். என்ன பிழை விட்டோம் என்ற கதையெல்லாம் புதன்கிழமைக்கு. எனக்கும் அதற்குள் கோபம் இறங்கியிருக்கும்.

வென்று திரும்பும்போதுதான் நான் அதிகம் கவலைப்படுவேன். கோல் அடித்தவனை மட்டும் ஊர் தோளில் தூக்கும். பின்வரிசையில் நின்ற மூன்று பேர் தங்கள் பையைத் தாங்களே தூக்கிக்கொண்டு நடந்து போவார்கள்.

கடிதங்கள், அனுமதிகள்?

அதிபர், வலயக் கல்விப் பணிமனை, மைதானத்துக்கு மாநகரசபை, பெற்றோர் சம்மதம், வாகனம். எல்லாவற்றிலும் இரண்டு பிரதி, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று திகதியோடு கையெழுத்து. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, சலிப்பான வேலை, செய்துதான் ஆகவேண்டும்.

உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

"ஊர்ப் பிள்ளையளின்ர ரியூசன் நேரமெல்லாம் உங்களுக்குப் பாடம். உங்கட மகளுக்கு எத்தனை மணிக்கு வகுப்பு?" என்று மனைவி ஒருநாள் கேட்டார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வைப்பதில்லை, இறுதிப் போட்டிக்கு முந்திய வாரத்தைத் தவிர. அந்தத் தவிர்ப்பிலும் இன்னும் சண்டை இருக்கிறது.

நீங்கள் சொன்ன அந்தக் கொப்பியை எப்படி வைப்பது?

எண்பது பக்கச் சி.ஆர். கொப்பி, எந்தக் கடையிலும் இருக்கும். இடது பக்கம் பெயர், நடுவில் திகதிக் கட்டங்கள், வலது ஓரத்தில் காரணத்துக்கு மூன்று விரல் அகலம் விடுங்கள். மழைக்காலத்தில் ஒரு பொலித்தீன் உறை. வரவைப் பேனையால் போடுங்கள். காரணத்தைப் பென்சிலால் எழுதுங்கள், முதல் நாள் சொல்லும் காரணம் மூன்றாம் நாள் மாறும், அழித்து எழுத வேண்டி வரும்.